குழாய் எந்த உலோகம் என்று ‘தெரியவில்லை’ எனக் கடிதம் வந்தவர்களுக்கு

கேள்வி, 2024 நவம்பர் 18

நியூ ஜெர்சியில் நியூவார்க்குக்குப் பக்கத்து ஊர். இரண்டு குடும்பம் இருக்கும் பழைய வீட்டில் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் பெயருக்கு வந்த கடிதம் ஒன்று மாடிப்படியில் கிடந்தது. ‘உங்கள் வீட்டுக்கு வரும் இணைப்புக் குழாய் எதனால் ஆனது என்று தெரியவில்லை, ஈயமாகவும் இருக்கலாம்’ என்று போட்டிருக்கிறது. ஏழு மாதக் குழந்தை இருப்பதால் என் மனைவி பதறுகிறாள். நம் வீடுகளில் ஈயச் சொம்பில் ரசம் வைத்துச் சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம்? யாருக்கு என்ன ஆனது? சட்டத்துக்காக அனுப்பும் கடிதத்துக்கு இவ்வளவு பயப்பட வேண்டுமா?

நவம்பர் 18, இரவு

தம்பி, முதலில் ஈயச் சொம்பைத் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். அது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவார்களே, அந்த உலோகம். குழாயில் இருக்கலாம் என்று கடிதம் சொல்வது காரீயம். நம் பாட்டிமார் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் நமக்கு ஒன்றாகத் தெரிகிறது. இரண்டும் வேறு வேறு உலோகம். காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவு கிடையாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடிநீரில் அதற்கு வைத்திருக்கும் இலக்கே பூஜ்யம்தான்.

குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்கிறீர்களா? எந்தத் தண்ணீரில்? அதை முதலில் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நவம்பர் 18, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து

பதிலுக்குக் காத்திருக்க மனசில்லை, எழுதிவிடுகிறேன். ‘கொதிக்க வைத்து ஆற வைத்துத்தான் கரைக்கிறோம்’ என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் அப்படித்தான் செய்தேன். கொதித்தால் கிருமி சாகும். காரீயம் எங்கேயும் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய மீதித் தண்ணீரில் அதன் அளவு கூடும்.

நாளைக்கே ஒரு ஃபில்டர் வாங்குங்கள். பெட்டியில் ‘என்எஸ்எஃப் 53’ என்ற தரச் சான்று எண்ணும், காரீயத்தைக் குறைக்கும் என்ற வரியும் இரண்டும் எழுதியிருக்க வேண்டும். ஜக்கில் வரும் ஃபில்டர் எல்லாமே காரீயத்தை எடுக்காது, சில வெறும் குளோரின் வாசனையைத்தான் எடுக்கும். குடிக்க, சமைக்க, பால் கரைக்க எல்லாவற்றுக்கும் ஃபில்டர் தண்ணீர்தான். நாம் சோறு வடிக்காமல் குக்கரில் வைக்கிறவர்கள், ஊற்றிய தண்ணீர் முழுவதையும் அரிசி குடித்துவிடும். பருப்பும் அப்படியே. சீக்கிரம் கொதிக்கட்டும் என்று வெந்நீர்க் குழாயிலிருந்து பிடித்து அடுப்பில் வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். சூடான தண்ணீர் உலோகத்தை அதிகமாகக் கரைக்கும்.

குளிப்பதற்கும் துணிக்கும் குழாய்த் தண்ணீரே போதும். தோல் வழியாக ஏறாது.

நவம்பர் 19

கடிதம் ஏன் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வந்தது என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். நாட்டில் உள்ள ஒவ்வொரு குடிநீர் நிறுவனமும் தன் இணைப்புக் குழாய்கள் எந்தப் பொருளால் ஆனவை என்று ஒரு பட்டியலை 2024 அக்டோபர் 16க்குள் தரவேண்டும் என்பது மத்திய விதி. காரீயம், காரீயத்தோடு சேர்ந்திருந்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), ‘தெரியவில்லை’, இந்த மூன்றில் எதில் உங்கள் வீடு விழுந்தாலும் அடுத்த ஒரு மாதத்துக்குள் கடிதம் வரவேண்டும். அதனால்தான் நவம்பரில் ஊர் முழுக்கக் கடிதம்.

அமெரிக்காவில் புதிதாகக் காரீயக் குழாய் போடுவதை 1986இல்தான் தடை செய்தார்கள். சிகாகோவில் அதுவரை காரீயக் குழாய்தான் போட வேண்டும் என்று நகர விதியே இருந்தது. இன்றைக்கும் நாட்டிலேயே அதிகமாக, ஏறத்தாழ நான்கு லட்சம் காரீய இணைப்புகள் அங்கேதான். பிளம்பர் என்ற சொல்லே காரீயத்துக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வளைத்தால் வளையும், துருப்பிடிக்காது, மண் அசைந்தாலும் உடையாது. அதனால் அவ்வளவு பிடித்துப் போயிருந்தது.

சரி, பார்ப்பது எப்படி? பேஸ்மென்ட்டுக்குப் போங்கள். தெருப்பக்கச் சுவரையோ தரையையோ துளைத்துக்கொண்டு ஒரு குழாய் உள்ளே வந்து மீட்டரில் சேரும். சுவருக்கும் மீட்டருக்கும் நடுவில் இருக்கும் அந்தத் துண்டைப் பாருங்கள். ஒரு சாவியும் ஃபிரிட்ஜ் காந்தமும் போதும். பெயின்ட், அழுக்கு போகும் வரை சாவி முனையால் லேசாகச் சுரண்டுங்கள். பழைய பென்னிக் காசு நிறத்தில் இருந்தால் செம்பு. காந்தம் ஒட்டினால் ஜி.ஐ. காந்தம் ஒட்டாமல், சாவி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கி, சுரண்டிய இடம் வெள்ளிபோல் பளிச்சென்று மின்னினால் காரீயம். குழாய் வால்வில் சேரும் இடத்தில் சின்ன வெங்காயம் அளவுக்கு ஒரு புடைப்பும் இருக்கும். உருக்கிய ஈயத்தைத் துணியால் வழித்து வழித்துப் போட்ட இணைப்பு அது. ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

சுரண்டிய பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துகளை ஈரத் துணியால் துடைத்துக் குப்பையில் போடுங்கள்.

எங்கள் வீடு 1926இல் கட்டியது. நான் போன வாரமே சுரண்டிப் பார்த்தேன். செம்பு. கவலை விட்டது.

நவம்பர் 24

கேள்வி கேட்ட தம்பி இரண்டு தகவல் எழுதியிருக்கிறார். ஃபில்டர் வாங்கியாகிவிட்டது, ரொம்ப சந்தோஷம். பேஸ்மென்ட்டில் கீழ் வீட்டுக்காரர் உதவியோடு பார்த்ததில் குழாயில் காந்தம் ஒட்டிக்கொண்டதாம். ‘அப்படியானால் ஜி.ஐ. பைப்தான், காரீயம் இல்லை, தப்பித்தோம் இல்லையா அக்கா?’ என்று கேட்கிறார்.

இல்லை தம்பி. ஜி.ஐ. பைப்பின் உட்புறம் வருஷக்கணக்கில் துருவேறிச் சொரசொரப்பாகிவிடும். அதற்கு முன்னால், தெருப்பக்கத்தில், காரீயத் துண்டு இருந்திருந்தால் அதிலிருந்து கரைந்து வருவது இந்தத் துருவில் போய் ஒட்டிக்கொள்ளும். முன்னால் இருந்த காரீயத்தை என்றோ எடுத்துவிட்டிருந்தாலும் துரு கொஞ்சம் கொஞ்சமாக அதை வெளியே விடும். அதனால்தான் காரீயத்துக்கு அடுத்து, வீட்டுப் பக்கம் இருந்த ஜி.ஐ. குழாயையும் மாற்ற வேண்டும் என்று மத்திய விதி சொல்கிறது. நியூ ஜெர்சி 2021 ஜூலையில் போட்ட சட்டம் ஜி.ஐ.யையும் காரீயக் கணக்கிலேயே சேர்க்கிறது. 2031க்குள் எல்லாம் மாற்றியாக வேண்டும்.

டிசம்பர் 1

நான் வேறொரு இடத்தில் ‘காலையில் முப்பது விநாடி தண்ணீரைத் திறந்துவிட்டுப் பிடியுங்கள்’ என்று எழுதியிருந்தேன். அது தவறு, திருத்திக்கொள்கிறேன். ராத்திரி முழுக்கக் குழாயில் தேங்கிய தண்ணீர்தான் ஆபத்து. அதில்தான் நாம் காலையில் முதல் வேலையாக டிகாக்ஷனுக்குத் தண்ணீர் வைக்கிறோம். ஆனால் முப்பது விநாடியில் வெளியேறுவது வீட்டுக்குள் இருக்கும் குழாய்த் தண்ணீர் மட்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முக்கால் அங்குலக் குழாயில் ஓர் அடி நீளத்துக்கு ஏறக்குறைய 87 மில்லி தண்ணீர் நிற்கும். அரை அங்குலத்தில் 39 மில்லி. நடுத்தெருவிலிருந்து மீட்டர் வரை 55 அடி என்றால் அதில் மட்டும் கிட்டத்தட்ட ஐந்து லிட்டர். முப்பது விநாடி திறந்துவிட்டு நிறுத்தினால் தெருக் குழாயில் தேங்கியிருந்த தண்ணீரைச் சரியாக நம் டம்ளருக்குக் கொண்டுவந்து நிறுத்தியதாகிவிடும்! சில நிமிடம் ஓட வேண்டும். யாராவது குளித்துவிட்டு வந்த பிறகு சமையல் தண்ணீர் பிடிப்பது நல்லது. ஃபில்டர் இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம்.

டிசம்பர் 14

இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும்.

எதிர்வீட்டுப் பெரியவர் முப்பது வருஷம் குழாய் வேலை பார்த்தவர். இப்போது எண்பத்து மூன்று வயது. எங்கள் பேஸ்மென்ட்டில் ஹீட்டர் பார்க்க வந்தவர் மீட்டர் பக்கம் திரும்பி, செம்புக் குழாயைத் தடவிப் பார்த்துவிட்டு, ‘இது 1926 இல்லை, அறுபதுகளில் போட்டது’ என்றார். அந்தக் காலத்தில் வீட்டுப் பக்கம் ஒழுகினால் வீட்டுக்காரர் தன் காசில் சைடுவாக்கில், அதாவது நடைபாதையில், இருக்கும் வால்வு வரை செம்பு போட்டுக்கொள்வாராம். வால்வுக்கு அந்தப் பக்கம், தெருவுக்கு அடியில் இருப்பது தண்ணீர்க் கம்பெனியின் சொத்து, அதை யாரும் தொடமாட்டார்களாம். ‘உன் வால்வுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நீ பார்த்தாயா?’ என்று கேட்டார். நான் பார்க்கவில்லை.

நவம்பர் 19 குறிப்பில் ‘செம்பு, கவலை விட்டது’ என்று எழுதினேன் அல்லவா, அந்த வரியை நம்பாதீர்கள். மீட்டர் பக்கத்தில் காரீயம் தெரிந்தால் காரீயம் என்று உறுதி. செம்பு தெரிந்தால் பாதிக் குழாய்க்குத்தான் பதில் கிடைத்திருக்கிறது.

இன்னும் வருத்தமான விஷயம். இந்த ஒரு மாதத்தில் எங்கள் தெருவில் பதினோரு வீடுகளுக்குச் சாவியும் காந்தமுமாகப் போய்ப் பார்த்து, ‘உங்களுக்குச் செம்பு, பயமில்லை’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதில் ஒரு வீட்டில் மருமகள் மாசமாக இருக்கிறாள்.

டிசம்பர் 15

பதினோரு வீட்டுக்கும் இன்று போய்ச் சொல்லிவிட்டேன். இரண்டு வீட்டில் ஆள் இல்லை, கதவில் சீட்டு எழுதி ஒட்டினேன். மருமகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு ஃபில்டரே வாங்கிக்கொண்டு போனேன். அந்த அம்மா என்னை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்.

2025 ஜனவரி 5

‘கம்பெனியின் வலைத்தளத்தில் எங்கள் முகவரியைப் போட்டால் செம்பு என்று வருகிறது, அது போதாதா?’ என்று ஒருவர். எதை வைத்து அப்படிப் போட்டார்கள் என்று கேளுங்கள். தோண்டிப் பார்த்தார்களா, பழைய ஏடா, வீடு கட்டிய வருஷத்தை வைத்து ஊகமா?

மிச்சிகனில் ஃப்ளின்ட் நகரக் கதையில் எல்லோரும் ஆற்றுத் தண்ணீரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 2014 ஏப்ரலில் தண்ணீரை ஆற்றுக்கு மாற்றினார்கள், குழாய் அரிக்காமல் காக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை, குழாய்க்குள் படிந்திருந்த காப்புப் படலம் கரைந்து காரீயம் தண்ணீரில் வந்தது. அங்கிருந்த குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா குழந்தைகளின் ரத்தப் பரிசோதனைக் கணக்கை வெளியிட்ட பிறகுதான் மறுக்க முடியாமல் போனது. அதெல்லாம் தெரிந்த விஷயம். எனக்கு அதைவிட மனதில் நிற்பது அதற்குப் பிறகு நடந்தது. எந்த வீட்டில் காரீயம் என்று பார்க்கப் போனால் நகராட்சியில் இருந்தவை கையெழுத்தில் எழுதிய பல்லாயிரம் அட்டைகள், பழைய வரைபடங்கள். பாதி அழிந்தவை, பாதி தவறானவை. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீட்டின் வயது, இடம், ஏற்கெனவே தோண்டிய வீடுகளில் கிடைத்தது எல்லாவற்றையும் கணினிக்குக் கொடுத்து, அடுத்து எங்கே தோண்டலாம் என்று கணித்துக் கொடுத்தார்கள். 2017இல் தோண்டிய பத்துக் குழியில் ஏழில் மாற்ற வேண்டிய குழாய் இருந்தது. அடுத்த வருஷம் அந்தக் கணிப்பைக் கைவிட்டு வரிசையாகத் தோண்டினார்கள். நூற்றுக்குப் பதினைந்துதான் கிடைத்தது. குழி வெட்டவும் மூடவும் ஆகும் பணத்தில் எத்தனை வீட்டுக் குழாயை மாற்றியிருக்கலாம்!

ஜனவரி 6

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ‘கணினி சொன்னால் போதும், வீட்டுக்கு வீடு போக வேண்டாம் என்கிறீர்களா’ என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கணினிக்கும் முதலில் நாலு வீட்டைத் தோண்டிப் பார்த்த விவரம்தான் தீனி. நீங்கள் பேஸ்மென்ட்டில் எடுக்கும் ஒரு படம் உங்கள் வீட்டோடு நிற்பதில்லை, அதே வருஷம் அதே தெருவில் கட்டிய அடுத்த வீடுகளுக்கும் ஒரு துப்பு. படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்புங்கள். சுரண்டிய இடம் தெரிகிற மாதிரி, பக்கத்தில் சாவியை வைத்து எடுங்கள்.

பிப்ரவரி 9

எங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்தேன். மாநில அரசு அங்கீகரித்த பரிசோதனைக் கூடத்தில் எட்டுப் பாட்டில் வாங்கினேன், ஒவ்வொன்றும் ஒரு லிட்டர். ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டில் யாரும் ஒரு சொட்டுக்கூடத் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்து, காலை ஐந்தரைக்கு நிறுத்தாமல் ஒன்றுக்குப் பின் ஒன்றாக எட்டும் பிடித்தேன்.

முடிவு, நூறு கோடியில் எத்தனை பங்கு என்ற கணக்கில், அதாவது பிபிபியில்: முதல் பாட்டில் 2. இரண்டு, மூன்று, நான்கில் 1 அல்லது அதற்கும் கீழே. ஐந்தாவது 13. ஆறாவது 17. ஏழாவது 6. எட்டாவது 1.

டிசம்பர் 1 குறிப்பில் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டுக்குள் அரை அங்குலக் குழாய் 40 அடி, ஒன்றரை லிட்டர். மீட்டரிலிருந்து சைடுவாக் வரை செம்பு 30 அடி, இரண்டரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக நாலு லிட்டர் வரை நல்ல தண்ணீர். அதைத் தாண்டியதும் ஏறுகிறது. பெரியவர் சொன்ன இடம் சரியாக அங்கேதான் வருகிறது.

முதல் லிட்டரை மட்டும் சோதித்திருந்தால் 2 என்று பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். புதிய மத்திய விதியில் காரீயக் குழாய் உள்ள வீடுகளில் முதல் லிட்டரோடு ஐந்தாவது லிட்டரையும் எடுக்கச் சொல்லியிருப்பது இதனால்தான். நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவையும் 15லிருந்து 10ஆகக் குறைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 10

அந்த முதல் பாட்டிலில் இருந்த 2 எங்கிருந்து வந்தது என்று ஒரு நல்ல கேள்வி. பித்தளைக் குழாய்த் தலையிலிருந்து வந்திருக்கலாம். 2014க்கு முன்னால் வாங்கிய பித்தளைச் சாமானில் எட்டு சதவீதம் வரை காரீயம் இருந்தாலும் ‘காரீயம் இல்லாதது’ என்று முத்திரை போட்டு விற்கலாம் என்று சட்டம் அனுமதித்தது. 2014 ஜனவரியிலிருந்து தண்ணீர் படும் பகுதியில் கால் சதவீதத்துக்கு மேல் கூடாது. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்பார்கள் நம் ஊரில். இந்த விஷயத்தில் பித்தளை இளிக்க முடியாது.

குழாய் வாயில் திருகியிருக்கும் சின்னச் சல்லடையை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். துகள் அங்கேதான் சேரும்.

மார்ச் 22

கம்பெனிக்குச் சோதனை முடிவை அனுப்பி, எழுதி, மறுபடி எழுதி, ஆறு வாரம் கழித்து நேற்றுக் குழி வெட்டினார்கள். பெரிய பள்ளம் எல்லாம் இல்லை. சைடுவாக் வால்வு மூடிக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குத் துளை போட்டு, தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் குழைத்து, பெரிய குழல் வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். நாலடி ஆழத்தில் டார்ச் அடித்துக் காட்டினார் அந்தப் பையன். வீட்டுப் பக்கத் துளையில் பச்சை பூத்த செம்பு. தெருப்பக்கத் துளையில் சாம்பல் நிறக் குழாய், கொஞ்சம் வளைந்து படுத்திருந்தது. நீளக் கம்பியின் முனையால் ஒரு கீறு கீறினார். அந்த இருட்டுக்குள் கோடு பளிச்சென்று தெரிந்தது.

பெரியவர் ஊன்றுகோலோடு வந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

தெருவில் பதினோரு வீட்டையும் தோண்டிப் பார்க்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 13

பதினோரு வீட்டில் ஏழில் தெருப்பக்கம் காரீயம். நான்கில் முழுக்கச் செம்பு. மாசமாக இருக்கும் பெண் வீடு ஏழில் ஒன்று.

சிலர் ‘தெருப்பக்கம் மட்டும்தானே, அதை மட்டும் வெட்டி எடுத்துச் செம்பு ஒட்டினால் முடிந்தது’ என்கிறார்கள். எங்கள் வீட்டில் மறுபாதி ஏற்கெனவே செம்பு என்பதால் அது சரி. முழு நீளமும் காரீயமாக இருக்கும் வீட்டில் பாதியை மட்டும் மாற்ற விடாதீர்கள். வெட்டும்போது உண்டாகும் அதிர்வில் உள்ளே படிந்தது பெயர்ந்து வரும், காரீயமும் செம்பும் சேரும் இடத்தில் அரிப்பும் கூடும். வாஷிங்டன் நகரில் 2000இல் தண்ணீரில் சேர்க்கும் கிருமிநாசினியைக் குளோரினிலிருந்து குளோரமினுக்கு மாற்றியதும் தண்ணீரில் காரீயம் ஏறியது. அப்போது அவசரமாகப் பாதிப் பாதியாக மாற்றியது பிரச்சினையைத் தீர்க்கவில்லை. புதிய விதி இப்படிப் பாதி மாற்றுவதை அவசரப் பழுது போன்ற சில சமயம் தவிர அனுமதிப்பதில்லை.

ஏப்ரல் 27

தம்பியின் குழந்தைக்கு ஒரு வயது ஆகிவிட்டது. நியூ ஜெர்சியில் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் ரத்தத்தில் காரீயம் பார்க்க வேண்டும் என்பது விதி, டாக்டரே எழுதிக் கொடுப்பார். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். முடிவு, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வைத்திருக்கும், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் என்ற அளவுக்கு நன்றாகக் கீழே வந்திருக்கிறது. படித்ததும் என் கணவரை எழுப்பிச் சொன்னேன்.

ஆனால் குழாய் அப்படியே இருக்கிறது. வீட்டுக்காரர் ஃப்ளோரிடாவில் இருக்கிறார், உள்ளே வந்து வேலை செய்ய அவர் கையெழுத்து வேண்டும். ஃபோனை எடுப்பதில்லை.

மே 4

நியூவார்க் எப்படிச் செய்தது என்று கேட்டவருக்கு. அங்கேயும் முதலில் குழப்பம்தான். அரிப்பைத் தடுக்கச் சேர்த்த சோடியம் சிலிகேட் ஒரு பக்கத்துத் தண்ணீரில் வேலை செய்யாமல் போனது. 2019 ஆகஸ்டில் பாட்டில் தண்ணீர் கொடுக்கும் நிலை வந்தது. அதற்குப் பிறகு எஸ்ஸெக்ஸ் கவுண்டி மூலம் 12 கோடி டாலர் கடன் எடுத்து, வீட்டுக்காரரிடம் ஒரு பைசா வாங்காமல், மூன்று வருஷத்துக்குள் 23,000க்கும் மேற்பட்ட குழாய்களை மாற்றினார்கள். விஸ்கான்சினில் மேடிசன் நகரம் 2001இல் தொடங்கி ஏறக்குறைய 8,000 குழாயை முடிக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது.

வேகம் எங்கிருந்து வந்தது? பணம் ஒன்று. இன்னொன்று, வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமலே உள்ளே போய் மாற்றலாம் என்று நகரம் போட்ட சட்டம். அங்கே பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்கள். வீட்டுக்காரர் எந்த ஊரில் இருக்கிறாரோ. குடிக்கிறவர் ஒருவர், கையெழுத்துப் போடுகிறவர் இன்னொருவர் என்றால் குழந்தை நடுவில் மாட்டிக்கொள்ளும். எங்கள் ஊருக்கும் இந்தச் சட்டம் வேண்டும் என்று அடுத்த நகரமன்றக் கூட்டத்தில் பேசப் போகிறேன். உடன் வர ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

மே 5

நேற்று எழுதியது நியூவார்க்கைப் புகழ்வதுபோல் ஆகிவிட்டது, ஒன்றைச் சேர்க்க வேண்டும். அங்கே வேலை எடுத்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் மீது 2024 அக்டோபரில் மத்திய அரசு வழக்குப் போட்டது. சில வீடுகளில் காரீயத்தை எடுக்காமலே எடுத்துவிட்டதாகக் கணக்குக் காட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. மாற்றும் நாளில் வீட்டில் இருங்கள். குழிக்குள் நீங்களே பாருங்கள். வெளியே எடுத்த பழைய குழாயைக் காட்டச் சொல்லுங்கள்.

மே 18

தண்ணீரையே பேசிக்கொண்டிருக்கிறோம், சமையலறைப் பாத்திரத்தையும் பாருங்கள் என்று ஒருவர் எழுதியது சரியே. சியாட்டில் இருக்கும் கிங் கவுண்டியில் சுகாதாரத் துறையினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சில அலுமினியப் பாத்திரங்களைச் சோதித்ததில் சமைக்கும்போது காரீயம் இறங்கியது. நம் ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் பழைய அலுமினியக் குக்கர், சட்டி எல்லாம் யோசிக்க வேண்டியவை. ஈயச் சொம்பும் தூய வெள்ளீயமாக இருந்தால்தான் நான் முதலில் சொன்னது பொருந்தும். மலிவுக்குக் காரீயம் கலந்திருந்தால் புளித் தண்ணீர் அதை இழுத்து வந்துவிடும். அம்மா கொடுத்த சொம்பு என்னிடம் இருக்கிறது. அடுப்பில் வைப்பதை நிறுத்தி, பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 26

எங்கள் வீட்டில் இன்று மாற்றினார்கள். எங்களிடம் காசு வாங்கவில்லை.

காலை ஏழரைக்கு வந்தார்கள், நாலு பேர். தெரு நடுவில் ஒரு குழி, சைடுவாக்கில் ஒரு குழி, அவ்வளவுதான். பழைய குழாயின் உள்ளே ஓர் இரும்புக் கயிற்றை நுழைத்து, மறுமுனையில் புதுச் செம்புக் குழாயைக் கட்டி, தெருப்பக்கமிருந்து இயந்திரத்தால் இழுத்தார்கள். பழையது மண்ணைவிட்டு வெளியே வர வர, புதியது அதே தடத்தில் உள்ளே போனது. மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

எடுத்த குழாயில் ஒரு சாண் துண்டை வெட்டித் தரச் சொன்னேன். கையுறை கொடுத்துத்தான் தந்தார்கள். அவ்வளவு சின்னத் துண்டு, வாங்கியதும் கை கீழே போனது. வெளிப்புறம் சுண்ணாம்பு பூசியதுபோல் சாம்பல். வெட்டிய விளிம்பு புத்தம்புதுக் காசுபோல் மின்னியது. உள்ளே பார்த்தேன். செங்காவி நிறத்தில் ஒரு படலம், அதற்குக் கீழே வெள்ளை. ஒரு இடத்தில் படலம் நகக்கண் அளவுக்குப் பெயர்ந்து, உலோகம் தெரிந்தது. அந்தப் படலத்தை நம்பித்தான் இத்தனை வருஷம் தண்ணீர் குடித்தோம். என் பெண் இந்த வீட்டில்தான் பிறந்து, பன்னிரண்டு வயது வரை இந்தத் தண்ணீரில் வளர்ந்தாள். அவளுக்கு அப்போது சோதித்ததில் ஒன்றும் இல்லை என்றார்கள். இருந்தாலும் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பெரியவர் வந்து வாங்கிப் பார்த்தார். தன் தகப்பனார் காலத்து இணைப்பு என்றார்.

முடிந்ததும் செய்ய வேண்டியது: எல்லாக் குழாய்ச் சல்லடையையும் கழற்றிவிட்டு, கீழ்த் தளத்திலிருந்து மேலே ஒவ்வொன்றாகக் குளிர்நீரைத் திறந்து அரைமணி நேரம் ஓடவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஃபில்டர் தொடர வேண்டும், ஏனென்றால் அசைந்த துகள் சில காலம் வந்துகொண்டிருக்கும். பழைய வீடுகளில் மின்சார எர்த்தைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். பிளாஸ்டிக் குழாய் போடுவதாக இருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை முதலில் சரிசெய்யுங்கள்.

ஜூலை 20

மருமகளுக்குப் பெண் குழந்தை. அவர்கள் வீட்டுக் குழாய் பிரசவத்துக்கு ஒன்பது நாள் முன்னால் மாறியது.

செப்டம்பர் 7

நகரமன்றம் சட்டத்தைப் போட்டுவிட்டது. இரண்டு அறிவிப்புக்கும் வீட்டுக்காரர் பதில் தராவிட்டால், குடியிருப்பவர் சம்மதத்தோடு உள்ளே போகலாம். கூட்டத்தில் தம்பியின் மனைவி பேசினாள், இடுப்பில் குழந்தையோடு. இரண்டே நிமிடம்தான். கடிதம் யார் பெயருக்கு வந்தது, தண்ணீரை யார் குடிக்கிறார்கள் என்று கேட்டாள். நான் எழுதிக்கொண்டு போன நாலு பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 30

தம்பி வீட்டுக்கு நாள் குறித்தாகிவிட்டது. தெருப்பக்கம் காரீயம், வீட்டுப் பக்கம் ஜி.ஐ., இரண்டும் சேர்ந்து முழு நீளமும் போகிறது. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி வரும், மதியம் வரை தண்ணீர் இருக்காது. கீழ் வீட்டிலும் மேல் வீட்டிலும் புதன்கிழமை ராத்திரியே ஃபில்டர் தண்ணீர் இரண்டு குடம் பிடித்து வைத்துவிடுங்கள். குழந்தைக்குத் தனியாக ஒரு ஃபிளாஸ்க். பெரியவரும் நானும் ஏழு மணிக்கு வந்துவிடுவோம், அவர் குழியைப் பார்த்துக்கொள்வார்.